பிடி அரிசி போட்ட கை

எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆயர் சின்ன வயசுக்காரர், சுறுசுறுப்பானவர். வந்த சூட்டோடு கோயில் வாசலில் காணிக்கைக்கு ஸ்கேன் செய்கிற அட்டையை ஒட்டினார். அடுத்து வாலிபர் கூடுகைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். ‘விசுவாசியைச் சாத்தான் தாக்குவது ஏன்? கர்த்தர் அதை அனுமதிப்பது ஏன்?’ என்று நெருப்பு எழுத்தில் கேள்வி. அதற்குக் கீழே, எரிகிற காட்டுக்கு நடுவில், என் ரேஷன் கார்டு காலத்துப் போட்டோ. சிறப்புச் செய்தி: ஓய்வுபெற்ற உபதேசியார். பார்க்கிறவர்களுக்குச் சாத்தான் தாக்கியது என்னைத்தான் என்று தோன்றும்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்க் கேட்டதற்கு, “நீங்க உத்திரமேரூர் சுத்துவட்டாரம் பூரா சைக்கிள்ல அலைஞ்சவரு. எவ்ளோ பார்த்திருப்பீங்க. அத்தச் சொன்னா போதும் ஐயா” என்றார். மேடையில் ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அதுதான்.

உபதேசியார் என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆயருக்குப் பல ஊர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஊருக்கு வந்து, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஆராதனை, வீடு சந்திப்பு, சாவு, புருஷன் பெண்டாட்டி சண்டை, மணி அடிப்பது, மணிக் கயிறு அறுந்தால் கட்டுவது, எல்லாம் உபதேசியார் தலையில். அதற்கு என்னைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கர்த்தர் சோதனையை ஏன் அனுமதிக்கிறார் என்பதற்கு ஒரு வரிசையான பதில் உண்டு. விசுவாசத்தைப் புடமிட, பெருமையை அடக்க, பாவத்தை உணர்த்த, தம்முடைய மகிமை விளங்க. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்தப் பதில்கள் தப்பில்லை. ஆனால் அழுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து அதில் ஒன்றைச் சொல்லிப் பார்த்தால் அவர்கள் முகம் கதவு மாதிரி சாத்திக்கொள்ளும். அதை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை.

நான் வேலை கற்றுக்கொண்டது ஆயர் எபினேசர் ஐயாவிடம். வந்தவாசிப் பக்கத்துக்காரர். மெலிந்த ஆள், பேச்சும் மெலிசு. டிவிஎஸ் ஃபிப்டியில் வருவார். பிரசங்கம் சுமார்தான். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார் என்றால் அடுத்து சொல்ல வேண்டியதை மறந்துவிட்டார் என்று அர்த்தம். சபையில் பாதிப் பேருக்கு அது தெரியும், துடைத்து முடிக்கும் வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் வீட்டுக்குப் போனால் அவர் வேறு மனிதர். ஒருவருக்குப் பிசாசு பிடித்திருக்கிறது, கட்டு இருக்கிறது, தாக்குதல் இருக்கிறது என்று கூப்பிட்டால், நாங்களெல்லாம் வேதத்தைத் திறந்துகொண்டு உள்ளே நுழைவோம். அவர் வேதத்தைக் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “தண்ணி கொஞ்சம் குடும்மா” என்பார். வீட்டில் வேறு யாராவது எடுக்க ஓடினால் வேண்டாம் என்று கை காட்டுவார். யாருக்காகக் கூப்பிட்டார்களோ அவர்களே எழுந்துபோய் மொண்டு வர வேண்டும். வந்ததும் ஒரு சொட்டு விடாமல் குடிப்பார். பிறகு கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, புருஷனையோ பெண்டாட்டியையோ தாயையோ மட்டும் நிறுத்திக்கொண்டு, தரையில் உட்காருவார். அவர்கள் தரையில் இருந்தால் இவர் நிலைப்படிக்குக் கீழே இறங்கிக்கொள்வார். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்பார், பெண் என்றால் மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று தாயை விட்டுக் கேட்கச் சொல்வார். கண்ணை மூடி ஜெபம் பண்ண மாட்டார், திறந்துகொண்டுதான் பண்ணுவார். ஏன் என்று கேட்டேன். “பயந்துபோயி கீறவங்க முன்னாடி நாமளும் கண்ண மூடிக்கினா, அவங்களுக்குப் பார்க்க யாரு மூஞ்சி கீது?” என்றார்.

தண்ணீர் எதற்கு என்றும் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. எஸ்தர் விஷயத்தில்தான் எனக்கே விளங்கியது.

அதற்கு முன்னால் பிடி அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம். உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனி டின்னில் போடுவார்கள். சனிக்கிழமை நான் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் டின்களைக் கொட்டி வாங்கி வருவேன். விதவைகளுக்குக் கொஞ்சம் போகும். மீதியைச் சேர்த்துவைத்து அறுப்பின் பண்டிகையன்று எல்லாருக்கும் சோறு. உத்திரமேரூர் பஜாரிலிருந்து ரசாக் பாய் வந்து சமைத்துக் கொடுப்பார். வருஷா வருஷம் சாக்கைப் பிரித்ததும் தலையில் கை வைத்துக்கொள்வார்.

“இன்னா உபதேசியாரே, இது அரிசியா, பஸ் ஸ்டாண்டா? பொன்னி கீது, ரேஷன் கீது, இட்லி அரிசி கீது, நொய்யி கீது. ஒண்ணு வெந்தா ஒண்ணு வேவல. பேஜாரு புடிச்ச சோறுபா இது.”

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஊருக்கெல்லாம் சரி. எங்கள் சபைப் பானைக்குச் செல்லாது. ஒரு வாயில் குழைந்தும் அடுத்த வாயில் பல்லில் கடிபட்டும் இருக்கும். அதைத்தான் அன்பின் விருந்து என்று சாப்பிட்டோம்.

அரிசி வாங்கப் போகிறவனுக்கு ஒரு சௌகரியம், எல்லா வீட்டு அடுப்படியும் தெரியும். டின் லேசாக இருந்தால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை, அல்லது சண்டை, அல்லது காய்ச்சல். நான் டின்னைத் தூக்கிப் பார்த்து எபினேசர் ஐயாவிடம் சொல்வேன், அவர் திங்கட்கிழமை அங்கே போவார்.

எஸ்தர் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். மாமியார் வீடு பெருநகர் ரோட்டில், ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம். புருஷன் தானியேல் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். நல்லவன், வாயில்லாப் பூச்சி. ஒரு பெண் குழந்தை. எஸ்தர் நடவுக்குப் போவாள், வந்ததும் குளித்துவிட்டுப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபத்துக்கு நிற்பாள். அப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி முதல் ஐநா சபை வரை ஒன்றையும் விடமாட்டாள். சங்கத் தலைவி ரூத் அம்மாதான் அவளுக்கு வேதம் வாசிக்கப் பழக்கியவர். “என் வயித்துல பொறக்காத பொண்ணு” என்பார். ஆனால் பிடி அரிசி டின்னில் எஸ்தர் கொஞ்சம் மோசம். பாதிதான் இருக்கும். கேட்டால், “ஜெபத்துல மறந்துட்டேன் உபதேசியாரே” என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு எஸ்தரின் ஜெபம் குறைந்தது. பிறகு நின்றது. கோயிலுக்கு வந்தால் கடைசியில் உட்கார்ந்தாள், பாட்டுக்கு வாய் திறக்கவில்லை, திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போய்விட்டாள். மெலிந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லை என்றாள்.

ரூத் அம்மா வீட்டில் உபவாச ஜெபம் வைத்து அவளைக் கூப்பிட்டார்கள். பெண்கள் சுற்றி நின்று தலையில் கை வைத்தார்கள். “இயேசுவுக்கு ஜெயம்னு சொல்லு எஸ்தரு” என்றார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லு சொல்லு என்று கையை இழுத்தார்கள். இழுக்க இழுக்க அவள் உதறினாள். கடைசியில் இழுத்தவளின் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடிப்போனாள்.

அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆண்டவர் பெயரைச் சொல்ல விடாமல் உள்ளே இருக்கிறது தடுக்கிறது என்று முடிவாகிவிட்டது. தானியேலின் அண்ணன் யாக்கோபு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெப வீட்டில் பேசிவிட்டு வந்தான். அங்கே கட்டிப்போட்டு, தண்ணீர் மட்டும் கொடுத்து, போகிற வரைக்கும் வைத்திருப்பார்களாம். எது போகிற வரைக்கும் என்று நான் கேட்டேன். யாக்கோபு என்னை முறைத்தான். பண்டிகைக்கு மறுநாள் வேன் வரும் என்று ஏற்பாடு. எஸ்தர் அப்போது இருந்த இருப்பில், அந்த வீட்டுக்குப் போனால் திரும்பி வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே போய்ப் பிணமாக வந்தவரைப் புதைத்த கை இது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை அரிசிக்குப் போனேன். தெருமுனையில் ரூத் அம்மா நின்றுகொண்டிருந்தார், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“உபதேசியாரே, எஸ்தரு வூட்டு டின்ன மட்டும் எடுக்காதீங்க. அந்தக் கையால போட்டத சபை சோத்துல கலக்க வேணாம். கொழந்தைங்க துன்றது.”

“நீங்களா சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன். எனக்கு இன்னா, சந்தோஷமா? வயிறு எரியுது. ஆனா பயமா கீது உபதேசியாரே.”

அவர் பொய் சொல்லவில்லை. பயந்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கால் தானாக எஸ்தர் வீட்டுக்குத்தான் போனது. அவள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் மகள்தான் டின்னை இழுத்துக்கொண்டு வந்தாள், தூக்க முடியாமல். நான் வாங்கினேன். கனத்தது. மூடியைத் திறந்தால் அரிசி தளும்பிக்கொண்டு இருந்தது. எங்கள் சபையில் எந்த வீட்டு டின்னும் அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. சாக்கில் கொட்டாமல், டின்னோடு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நேரே எபினேசர் ஐயா வீட்டுக்கு மிதித்தேன்.

“ஐயா, இத்த எந்த சாக்குல கொட்றது?” என்று கேட்டு நடந்ததைச் சொன்னேன்.

அவர் அரிசியில் கையை விட்டு அளைந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டின்ன எடுத்துக்கினு வா” என்று வண்டியைக் கிளப்பினார்.

யாக்கோபு வாசலிலேயே நின்றான். ரூத் அம்மாவும் வந்துவிட்டார். ஐயா வாசலில் நின்று, “எஸ்தரு, தண்ணி கொஞ்சம் குடும்மா” என்றார். தானியேல் செம்பை எடுக்கப் போனான். கை காட்டி நிறுத்தினார். வெகு நேரம் கழித்து உள்ளே பாய் சரசரத்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குடத்தில் மொண்டு, செம்பைக் கொண்டுவந்தாள். கையில் பாதி சிந்தியது. அவளுடைய கையிலிருந்து வாங்கி, வீட்டாரைத் தவிர வேறு யாரும் எதையும் வாயில் வைத்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஐயா அண்ணாந்து குடிக்கவில்லை, செம்பில் வாய் வைத்துக் குடித்தார், முழுசும். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது எனக்குத் தண்ணீர் எதற்கு என்று புரிந்தது.

யாக்கோபை வெளியே போகச் சொன்னார். ரூத் அம்மாவை இருக்கச் சொன்னார். தரையில் உட்கார்ந்து டின்னை நடுவில் வைத்தார்.

“இத்த யாரும்மா போட்டது?”

தானியேல்தான் சொன்னான், “அவதாங்க ஐயா. ஒருநாளும் வுடல. இந்த வாரம் ஒண்ணுக்கு மூணு பிடி. அவ துன்னாத நாளுக்குக்கூட எங்களுக்கு ஒல வெச்சி, அத்தப் போட்டுட்டுதான் படுப்பா.”

“எதுக்கும்மா?”

எஸ்தர் தலையைத் தூக்காமல் பேசினாள். “ஜெபம் பண்ண முடியல ஐயா. கண்ண மூடினா, அவரு பேரு வரும்போது கூடவே ஒரு அசிங்கமான வார்த்த வருது. நான் நெனைக்கல. அதுவா வருது. தெரு சண்டையில கூட அந்த வார்த்த நான் பேசினதில்ல. அவர அப்படிச் சொல்லுது என் மனசு. வாயி கெட்டுப்போச்சி, மனசு கெட்டுப்போச்சி. கை மட்டும் இன்னும் கெட்டுப்போவல. அதான் கையால பண்றத பண்ணிக்கினு இருந்தேன்.”

“அன்னிக்கு எதுக்கும்மா வாயப் பொத்திக்கின?”

“அவங்க கைய இழுத்தா அந்த வார்த்த வெளிய வந்துடும்னு பயம் ஐயா. அத்தினி பேரு முன்னாடி அவரு பேர அசிங்கம் பண்ணக் கூடாதுன்னுதான் பொத்திக்கினேன்.”

ரூத் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் எதைப் பிசாசின் வேலை என்று தீர்ப்பு சொன்னோமோ, அது அவள் ஆண்டவர் மேல் வைத்திருந்த மரியாதை. பெயரைச் சொல்ல விடாமல் தடுத்தது அவளே. பெயர் கெட்டுப்போகக் கூடாது என்று தடுத்தாள்.

“ஏன் ஐயா ஆண்டவரு என்ன இப்படி வுட்டாரு?” என்றாள் எஸ்தர். “நான் இன்னா தப்பு பண்ணேன்?”

எனக்குப் பயிற்சிப் பள்ளி வாய்ப்பாடு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. “எஸ்தரு, கர்த்தர் நம்ம விசுவாசத்த” என்று ஆரம்பித்தேன். ஐயா என் பக்கம் காலிச் செம்பை நீட்டினார். “நீ போயி இன்னொரு செம்பு தண்ணி கொண்டா.” போனேன். குடத்தடியில் நின்றே மீதியைக் கேட்டேன்.

“எனக்கு முழுசா தெரியாதும்மா” என்றார். “எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு யோபு கேட்டுக் கேட்டுத் தொண்ட வத்திப் போனாரு. காரணம் இன்னான்னு ஆண்டவரு அவருக்குக் கடைசி வரைக்கும் சொல்லல. ஆனா எதிர்ல வந்து நின்னாரு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பேதுருவ முறத்துல போட்டுப் பொடைக்கிறேன்னு சாத்தான் உத்தரவு கேட்டான். ஆண்டவரு முடியாதுன்னு சொல்லல. அது எனக்கும் கஷ்டமாத்தான் கீது. ஆனா, உனக்காக நான் வேண்டிக்கினேன்னு பேதுருகிட்ட மொதல்லயே சொல்லிட்டாரு. நீ திரும்பி வந்த பின்னாடி மத்தவங்களத் தாங்கிப் புடின்னும் சொன்னாரு. பேதுரு தடுக்கி வுழறதுக்கு முன்னாடியே, திரும்பி வருவான்னு வெச்சிப் பேசினாரு. அந்தக் கெட்ட வார்த்த உன்னுது இல்லம்மா. உன்னுதா இருந்தா நீ ஏன் அழுவுற? வாசல்ல நாயி கொரைக்குது. கொரைக்கிறது நாயி, வூடு உன்னுது.”

பிறகு வேதத்தைத் திறக்காமலே, கண்ணைத் திறந்துகொண்டு, ஜெபம் பண்ணினார். “நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் பங்கும் சேர்த்து நான் சொல்றேன்” என்றார். எழுந்திருக்கும்போது, “நாளைக்கு விருந்துக்கு அரிசி நீதான் களையணும்” என்றார்.

பண்டிகையன்று கோயிலுக்குப் பின்னால் ரசாக் பாய் அடுப்பு மூட்டினார். எஸ்தர் பெரிய அண்டா முன்னால் உட்கார்ந்தாள். ஐயா சாக்குகளை அவரே தூக்கிக்கொண்டு வந்து கொட்டினார். கடைசியில், எல்லாரும் பார்க்க, அவளுடைய டின்னை மேலாகக் கொட்டினார். எஸ்தர் கையை விட்டுக் களைய ஆரம்பித்தாள். பெண்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. ரசாக் பாய் எங்கள் சங்கதி தெரியாமல், “இன்னாமா, இத்தினி பேரு நின்னுகினு கீறீங்க, ஒத்த ஆளு எத்தினி களையும்?” என்றார்.

ரூத் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எஸ்தருக்கு எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அதே அண்டாவில் விட்டார். தண்ணீருக்குள் எஸ்தரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் களையவில்லை, பிடித்துக்கொண்டு அழுதார்கள். கழுநீரில் எவ்வளவு கண்ணீர் கலந்தது என்று தெரியாது. ரசாக் பாய் மட்டும், “உப்பு நான் பார்த்துப் போட்டுக்கிறேன், நீங்க களைங்கம்மா” என்றார். அழுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள்.

எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று சொன்னால் பொய். யாக்கோபு வீட்டார் இலையில் உட்காராமல் போனார்கள். இன்னொரு குடும்பம் எங்கள் சபையையே விட்டுப் போய், இன்றுவரை திரும்பவில்லை. சோறு வழக்கம்போல் பாதி குழைவும் பாதி விறைப்பும். ஐயா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மறுநாள் வேன் வந்தது. யாக்கோபு தம்பி பெண்டாட்டியை ஏற்ற வந்து நிற்கிறான், பார்த்தால் முன் சீட்டில் எபினேசர் ஐயா, மடியில் வேதம், கையில் நாஷ்டா பொட்டலம். “வந்த வண்டிய சும்மா அனுப்பக் கூடாதுபா. எல்லாரும் ஏறுங்க. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வுடு” என்றார் டிரைவரிடம். யாக்கோபு, “ஐயா, ஆவிக்கடுத்த விஷயத்துக்கு ஆஸ்பத்திரியா?” என்றான். “காய்ச்சல் வந்தா ஜெபமும் பண்றோம், மாத்திரையும் போடுறோம். ஒண்ணு ஆண்டவருது, இன்னொண்ணு யாருதுன்னு நெனைச்சிக்கினு கீற? நீயும் வா, டாக்டரு சொல்றத உன் காதால கேளு.” யாக்கோபு வந்தான். அதற்கு அவனைப் பாராட்ட வேண்டும். தம்பி குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவனும் அலைந்தான்.

அங்கே டாக்டரம்மா, எஸ்தர் சொல்லி முடிக்கும் முன்பே, “வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வரும், இல்லையாம்மா? பக்தி அதிகம் உள்ளவங்களுக்குச் சாமி பேர்லதான் வரும்” என்றாராம். தன்னைப் போல இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்று கேட்டதே அவளுக்குப் பாதி மருந்து. மீதிக்கு மாத்திரை. உடனே தீரவில்லை. வந்தது, போனது, மறுபடி வந்தது. திருவிருந்துக்கு அவள் வந்து கை நீட்டிய அன்று, ரசப் பாத்திரம் பிடித்திருந்தது நான்தான். அப்போதும் மனசுக்குள் அந்த நாய் குரைத்துக்கொண்டுதான் இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். குரைக்கட்டும் என்று விட்டுவிட்டு வாங்கிக்கொண்டாளாம்.

எபினேசர் ஐயா மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, காலமாகியும் விட்டார். அவர் சொன்னதில் ‘மற்றவர்களைத் தாங்கிப் பிடி’ என்ற துண்டு மட்டும் எனக்கு வெகு காலம் பிடிபடாமலே இருந்தது. ஒருவரைத் தாங்குவதற்கு இன்னொருவரைப் புடைக்க வேண்டுமா, இது என்ன நியாயம் என்று உள்ளுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் என் மனைவி சாந்தகுமாரி இறந்தாள். நான் ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னவன். அடக்கத்தன்று பாட்டும் நானே எடுத்துக் கொடுத்தேன், கெட்டிக்காரத்தனமாக. எல்லாரும் போன பிறகு ஜெபம் பண்ண முழங்காலில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. எஸ்தருக்கு வந்த வார்த்தை எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது அதைவிட மோசம். யாருமே இல்லை, இத்தனை வருஷம் வெறும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று ஒரு நினைப்பு. விரட்ட விரட்ட வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. உபதேசியார் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கோயிலுக்கு முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சபையார் நல்லவர்கள், தைலம் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு காலை எஸ்தர் வந்தாள். தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது அவளுக்கு. வாசலில் நின்றாள். கையில் வேதம் இல்லை.

“தண்ணி கொஞ்சம் குடுங்க உபதேசியாரே” என்றாள்.

எனக்குப் பொறி தட்டிவிட்டது. எழுந்துபோய் மொண்டு வந்தேன். சிந்தியது. அவள் செம்பில் வாய் வைத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு தரையில் உட்காராமல் நேரே அடுப்படிக்குப் போனாள். அரிசிப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஒல வெச்சி எத்தினி நாளு ஆச்சி?”

“ஓட்டல்ல வாங்கிக்கிறேன்மா.”

“ஜெபம் வரல. அதானே?”

அழுதேன். என் பெண்டாட்டி செத்தபோது அழாத அழுகையெல்லாம் அங்கே அடுப்படியில் நின்று அழுதேன். அவள் தடுக்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பரணிலிருந்து எங்கள் வீட்டுப் பிடி அரிசி டின்னை இறக்கினாள். சாந்தகுமாரி போட்டது அடியில் கொஞ்சம் கிடந்தது. ஊர் டின்னையெல்லாம் தூக்கிப் பார்த்த நான், என் வீட்டு டின்னில் என் கையால் ஒருநாளும் ஒரு பிடி போட்டதில்லை. அது அவள் வேலை என்று இருந்துவிட்டேன்.

எஸ்தர் உலைக்கு அரிசி அளந்து என் முன்னால் நீட்டினாள். “போடுங்க. வாயி பேசலன்னா போவுது. உங்க பங்கு ஜெபம் நான் பண்ணிக்கினு கீறேன். உங்களுக்குத் திரும்ப வர வரைக்கும் பண்ணுவேன்.”

ஒரு பிடி எடுத்தேன். சாந்தகுமாரி போட்டதன் மேல் போட்டேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான். வழக்கும் அன்றைக்கே வாபஸ். எஸ்தர் அந்த இருட்டில் கிடந்திராவிட்டால், என் வீட்டில் வந்து எந்த மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? தைலம்தான் வந்துகொண்டே இருந்திருக்கும். இதுதான் முழுக் காரணமா என்றால் தெரியாது. எனக்குக் கையில் கிடைத்த காரணம் இது. ஜெபம் திரும்பி வர நாளாயிற்று. வந்தது.

ஆகையால் ஆயர் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஃப்ளெக்ஸிலிருந்து என் படத்தை எடுத்துவிடுங்கள். நெருப்பையும் அணைத்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் சொல்லத் தகுந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கூப்பிடுங்கள். மைக் பிடித்துப் பழக்கமில்லை, கொஞ்சம்தான் பேசுவாள். வந்ததும் தண்ணீர் கேட்பாள். பாட்டில் வாங்கி மேடையில் வைத்துவிடாதீர்கள். கடைசி வரிசையில், இங்கே வர எனக்குத் தகுதி இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அந்தப் பிள்ளையை எழுந்து வந்து மொண்டு கொடுக்கச் சொல்லுங்கள்.